வேகாத பல்செட்

அத்தியாயம் பதினொன்று

வஜீஹாவுக்கு அலர்ஜி இருக்க வேண்டும் என்று அந்த வீட்டில் எல்லோரும் விரும்பினார்கள். வஜீஹா உட்பட.

இந்த வாரம்தான் இந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறவர்களுக்கு இது கொடுமையாகப் படலாம். அதனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. மயிலாப்பூர் பஜார் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் கீழே பல் லேப், மேலே வீடு. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். கலீமுல்லாவும் மகன் நதீமும் அந்த அளவுக்குப் பல்செட் செய்து அனுப்புவார்கள். ஈறு நோய் முற்றி வஜீஹாவின் பற்களை எல்லாம் பிடுங்கியபோது, மனைவியின் பல்லை வேறு எவன் கையிலும் கொடுக்க மாட்டேன் என்று கலீமுல்லாவே உட்கார்ந்து செய்தார்.

அதைப் போட்டுக்கொண்ட நாளிலிருந்து அவள் வாய் எரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சோற்றை மிக்ஸியில் அரைத்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பல்லைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். ஒருநாள் மகள் ருக்சார் அந்தக் கதவைத் திறந்துவிட்டாள். அம்மாவின் வாயைத் திறக்கச் சொல்லி செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். மேல்வாய் முழுக்கச் சிவந்து கிடந்தது. பல்செட் எதுவரை ஒட்டியிருந்ததோ அதுவரைதான் சிவப்பு. அதற்கப்பால் நல்ல தோல்.

தி. நகரில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டினார்கள். பல்செட்டில் சேரும் பொருட்களைச் சிறு சிறு பொட்டுகளாக வஜீஹாவின் முதுகில் ஒட்டி அனுப்பியிருந்தார் டாக்டர். ஒத்துக்கொள்ளாத பொருள் இருந்தால் அந்த இடம் தடித்துச் சிவக்கும். இன்று முடிவு சொல்வதாக ஏற்பாடு.

சிவந்திருந்தால் கோளாறு வஜீஹாவின் உடம்பில். ஏதோ ஒருத்திக்குச் சேரவில்லை, போகட்டும் என்று விட்டுவிடலாம். சிவக்கவில்லை என்றால் கோளாறு பல்லில். அந்தப் பல்லில் என்றால், அதே இடத்தில், அதே கைகளால் செய்து ஊர் முழுக்க எத்தனையோ வாய்களுக்குள் போயிருக்கும் மற்ற பற்களிலும். அதற்குப் பிறகு கலீமுல்லாவுக்கு லேப் கிடையாது.

அதனால்தான் காலையிலிருந்து வீட்டில் யாரும் யார் முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை.

வஜீஹா புர்கா மாட்டிக்கொண்டு இறங்கி வந்தபோது லேப் வாசலில் சுந்தரராமன் நின்றிருந்தார். இரண்டு தெரு தள்ளி வீடு. குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறவர். வழக்கமாக நோயாளிகள் டாக்டரிடம்தான் போவார்கள், லேப் பக்கம் வரமாட்டார்கள். இவர் மட்டும் செருப்பு தைக்கக் கொடுத்தவர் போல நேராக இங்கேயே வந்துவிடுவார். டாக்டரிடம் போனால் காத்திருக்க வேண்டும், பாயிடம் வந்தால் பேசலாம் என்பது அவர் கணக்கு.

வந்ததும் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குழறலாக ஆரம்பித்தார். நாக்கு நுனி எரிகிறது, மேல்வாய் காந்துகிறது, மிளகாயை நிறுத்தியும் குறையவில்லை. மனைவி ஜலஜா எல்லாம் மனப்பிரமை என்கிறாள்.

“மனசு நாக்குலயா இருக்கு பாய்? நீங்களே சொல்லுங்கோ. நேத்து குழந்தைகளுக்குப் பாடிக் காட்டறேன், பாதியில நிறுத்திட்டேன். அதுகள் என்னைப் பாத்துண்டே உக்காந்திருக்கு.”

கலீமுல்லா கெட்டிலில் இருந்த வெந்நீரை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி, பல்லை அதில் போட்டார். கொஞ்சம் பொறுத்து இடுக்கியால் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு மூக்குக்குக் கீழே பிடித்து மெதுவாக இழுத்தார்.

அந்த லேபில் செய்த எந்தப் பல்லும் இந்தச் சோதனை இல்லாமல் வெளியே போனதில்லை. பல்செட்டின் சிவப்புப் பகுதி ஒரு பவுடரும் ஒரு லிக்விடும் சேர்ந்து பிசைந்த மாவு. அந்த மாவை அச்சுப்பெட்டிக்குள் திணித்து, வெந்நீர்த் தொட்டியில் இறக்கி, கொதிக்க விடாமல், நிதானமாக, மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும். வெந்துவிட்டால் லிக்விட் முழுக்க இறுகிக் கல்லாகிவிடும். அவசரப்பட்டால் கொஞ்சம் இறுகாமல் உள்ளேயே தங்கும். பிறகு எச்சிலில் ஊறி ஊறிக் கசியும். வாயைச் சுடும். அரைகுறையாக வெந்த பல்லை வெந்நீரில் போட்டால், நெயில் பாலிஷ் புட்டியைத் திறந்தது போல் ஒரு நெடி வரும். கலீமுல்லாவின் மூக்கு அதைப் பிடித்துவிடும். பிடித்தால் பல் மறுபடி தொட்டிக்குப் போகும். மயிலாப்பூரிலும் அடையாறிலும் பல டாக்டர்கள் அவரைத் தேடி வந்ததே அந்த மூக்குக்காகத்தான்.

“நெடியே இல்ல சார். நல்லா வெந்த பல்லு. உங்க உடம்புக்குப் பழகணும், அவ்ளோதான். கழட்டாம போட்டுக்கினே இருங்க.”

சுந்தரராமன் நம்பினார். பல்லை மாட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்து, போய்விட்டார்.

வஜீஹா எல்லாவற்றையும் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவருக்கும் எரிகிறதா என்று ருக்சார் மெதுவாகக் கேட்டதற்கு, ஆட்டோ வந்துவிட்டது, ஏறு என்றாள்.

டாக்டர் ஷண்முகப்ரியாவுக்குச் சின்ன வயது. நிறைய நோயாளிகள், கொஞ்சம் பேச்சு. திரைக்குப் பின்னால் வஜீஹாவின் முதுகைப் பார்த்தார். விரலால் தடவினார். லென்ஸ் வைத்து இன்னொரு முறை பார்த்தார்.

“ஒண்ணுமே இல்லம்மா. சுத்தமா இருக்கு.”

இதைக் கேட்டு முகம் வாடிப்போன முதல் நோயாளியை அன்று அவர் பார்த்தார்.

சந்தேகமாகக்கூட இல்லையா என்று வஜீஹா கேட்டாள். லேசாகக்கூட இல்லையா என்றாள். முதுகு நேற்று முழுக்க அரித்ததே என்றாள். அது பிளாஸ்திரி அரிப்பு என்றார் டாக்டர். வாயை மறுபடி திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இது பொருளிலிருந்து ஏதோ கசிந்து தோலைச் சுட்ட புண், யார் வாயில் போட்டிருந்தாலும் சுட்டிருக்கும், உங்கள் உடம்பின் மேல் தப்பில்லை என்று பொறுமையாகச் சொன்னார். அந்தப் பல்லை இனிமேல் போடக் கூடாது. எந்த லேபில் செய்தது என்று கேட்டு அவர்களுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள், வேறு ஆட்களுக்கும் இருக்கலாம்.

வஜீஹா புர்காவைச் சரிசெய்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை.

“அலர்ஜின்னு சொல்லிடுங்களேன் டாக்டர்.”

“என்னது?”

“நீங்க சொன்னா அவரு நம்புவாரு.”

டாக்டர் ருக்சாரைப் பார்த்தார். ருக்சார் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒரு சோப்பு கம்பெனி காலண்டர் தொங்கியது. கடைசியில் டாக்டர், இல்லாத வியாதியை நான் எப்படிம்மா சொல்வது என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார். அவர் கோபப்படவில்லை. அவருக்கு நேரம் இல்லை.

திரும்பி வரும் வழியில் பாண்டி பஜார் பக்கம் ஆட்டோ நகராமல் நின்றது. வெயில். பக்கத்து பஸ்ஸின் சூடு காலில் அடித்தது. வஜீஹா தன் திட்டத்தைச் சொன்னாள். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. அலர்ஜி என்று சொல்லிவிடலாம். அவள் பல் போடாமலே இருந்துகொள்வாள். இந்த வயதில் யார் அவள் வாயைப் பார்க்கப் போகிறார்கள். மிக்ஸி இருக்கிறது. நதீமுக்கு இந்த வேலையை விட்டால் வேறு தெரியாது. அவன் அப்பாவுக்கு இந்தப் பெயரை விட்டால் வேறு கிடையாது.

ருக்சார் அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கணவன் மஸ்கட்டில் இருப்பதால் பிறந்த வீட்டில் இருக்கிறாள். பிள்ளைகளின் சாக்குகளைக் கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் பொய் உடையும் என்று அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது.

“பாட்டு வாத்தியாருக்கும் அலர்ஜியா அம்மி?”

“அவர் வாயை அவர் பொண்டாட்டி பாத்துக்குவா.”

ஆட்டோக்காரர் சிக்னலைத் திட்டிக்கொண்டே வந்தார்.

லேபில் கலீமுல்லா மாவு பிசைந்துகொண்டிருந்தார். வெறும் கையால். கையுறை போட்டால் மாவின் பக்குவம் விரலுக்குத் தெரியாது என்பது அவர் வாதம். விரல் நுனிகள் எல்லாம் வெடித்துத் தோலுரிந்து கிடந்தன. நதீம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

ருக்சார் வாயைத் திறப்பதற்குள் வஜீஹா சொல்லிவிட்டாள்.

“அலர்ஜிதானாம்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் கலீமுல்லா.

சொன்ன பிறகுதான் எதற்காக இறைவனுக்கு நன்றி சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மாவுக் கையோடு அப்படியே நின்றார். பிறகு, பாவம், உனக்குத்தான் கஷ்டம், வேறு பொருளில் செய்து தருகிறேன் என்று என்னவோ சொல்லி அதை மூடப் பார்த்தார். வஜீஹா சரி என்று தலையாட்டினாள். நதீம் சத்தமாக மூச்சு விட்டான். நான்தான் அப்பவே சொன்னேனே, அம்மி உடம்பே ஒரு மாதிரி, அவங்களுக்கு கத்தரிக்காயே ஒத்துக்காது என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே இடுக்கியைப் போட்டுத் தொட்டிக்குள்ளிருந்து ஒரு அச்சுப்பெட்டியைத் தூக்கினான்.

தொட்டி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

காலையில் படியிறங்கும்போது அந்தப் பெட்டி இன்னும் தொட்டிக்குள் போகாமல் மேஜைமேல் இருந்ததை ருக்சார் பார்த்திருந்தாள். நிதானமாக வேக வேண்டியது. அப்பா எப்போதும் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான், நிதானம்.

அவள் தம்பியிடம் எதுவும் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து அம்மாவின் பல்செட்டை எடுத்தாள். கெட்டிலையும் கிண்ணத்தையும் ஒரு இடுக்கியையும் எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனாள். லேபுக்குள் எப்போதும் அந்த நெடி இருக்கும், அங்கே வைத்துப் பார்த்தால் அவள் மூக்குக்கு எதுவும் தெரியாது. எதிர்வீட்டு ஸ்கூட்டர் சீட்டின்மேல் கிண்ணத்தை வைத்து வெந்நீரை ஊற்றிப் பல்லைப் போட்டாள். குனிந்தாள்.

கண்ணில் நீர் வந்துவிட்டது. அழுகை இல்லை. நெடி.

பின்னால் நதீம் வந்து நின்றான்.

“இன்னா ஆபா, இன்னா பண்ற?”

“மோந்து பாரு.”

அவன் குனிந்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கலீமுல்லாவும் வெளியே வந்திருந்தார். என்ன வேடிக்கை இது, தெருவில் வைத்து என்று முணுமுணுத்தார். ருக்சார் பல்லை இடுக்கியோடு அவர் கையில் கொடுத்தாள். அவர் தன் வழக்கப்படி கண்ணை மூடி, மூக்குக்குக் கீழே பிடித்து, மெதுவாக இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

“ஒண்ணும் இல்லையே.”

அவர் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மூடிய உதடுகளோடு வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். ஒவ்வொரு முகத்திலும் ஒன்றே எழுதியிருந்தது. மறுபடி பல்லை மூக்கருகே கொண்டுபோனார். இந்த முறை கண்ணை மூடவில்லை.

“கேஸ் லீக் ஆச்சே, ஞாபகம் இருக்கா?” என்றாள் வஜீஹா. பல் இல்லாத வாயில் வார்த்தை வழுக்கியது. “வீடு முழுக்க நாத்தம். நான் மாடியில துணி எடுத்துட்டு ஓடி வரேன். நீங்க அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க.”

“அன்னிக்கு சளி.”

“சளி இல்ல. அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. குழம்பு தீஞ்சா தெரியாது. அத்தர் கொட்டினா தெரியாது. உங்களுக்கே தெரியாதுன்னு எனக்குத் தெரியும். சொன்னா தாங்க மாட்டீங்கன்னு விட்டுட்டேன்.”

இத்தனை வருஷம் அந்த லிக்விடை மூச்சில் இழுத்திருக்கிறார். அது கொஞ்சம் கொஞ்சமாக மூக்கைத் தின்றுவிட்டிருக்கிறது. அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டிருந்தார். இப்போதெல்லாம் தன் லேபில் ஒரு பல்கூட நெடி அடிப்பதில்லை, வேலை அவ்வளவு சுத்தமாகிவிட்டது என்று டாக்டர்களிடம் பெருமையாகச் சொல்லிவந்தார்.

கலீமுல்லா பல்லைக் கிண்ணத்தில் வைத்தார். நதீமிடம் திரும்பினார். சத்தம் போடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவருக்கு அந்தத் தெம்பு இல்லை. எப்போதிலிருந்து கொதிக்க வைக்கிறாய் என்று மட்டும் கேட்டார்.

அடையாறு கிளினிக்குகள் அன்றைக்கே பல் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்ததிலிருந்து என்றான் நதீம். காலையில் அளவு, சாயங்காலம் பல். முடியாது என்றால் வேறு லேபுக்குப் போய்விடுவார்கள். அப்பா மாவைத் திணிப்பதோடு சரி, தொட்டி நதீமின் பொறுப்பு; அவர் அடுத்த மாவில் குனிந்திருக்கும்போது சூட்டை ஏற்றிவிடுவான். முதல் தடவை பயந்துகொண்டேதான் செய்தான். அம்மியின் பல்லும் அப்படி அவசர வேலைகளோடு ஒன்றாகத் தொட்டிக்குள் இருந்தது. தனியாக யார் வைக்கச் சொன்னார்கள்?

“நீங்க மோந்து பாத்து ஓகேன்னு சொன்னீங்கப்பா. ஒவ்வொரு தடவையும். உங்க மூக்கை நம்பித்தான் சீக்கிரமா எடுத்தேன். சரியில்லைன்னா நீங்க திருப்பிப் போடுவீங்கன்னுதானே நெனச்சிக்கினு இருந்தேன்.”

அதில் பொய் இல்லை. அதுதான் கலீமுல்லாவை உட்கார வைத்தது. வாசல்படியில், மாவு காய்ந்துகொண்டிருந்த கையோடு உட்கார்ந்தார். திட்டுவதற்கு ஒரு திருடன் கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சந்தில் தண்ணீர் கேன் வண்டி ஒன்று வந்தது. எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வண்டி போன பிறகு கலீமுல்லா எழுந்து உள்ளே போய்த் தொட்டியை அணைத்தார். செல்போனை எடுத்தார். வஜீஹா அவர் கையைப் பிடித்தாள். யோசித்துச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்றாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு சுந்தரராமனைக் கூப்பிட்டார். பல்லைக் கழற்றிவிடுங்கள், இனிப் போடாதீர்கள், நாளைக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், உங்கள் டாக்டரிடமும் நானே பேசுகிறேன் என்றார்.

“கழட்டாம போட்டுக்கச் சொன்னேளே பாய்.”

“தப்பா சொன்னேன் சார்.”

அந்தப் பக்கம் சுந்தரராமன் ஜலஜாவைக் கூப்பிட்டு, கேட்டியா, மனசு இல்லையாம், பல்லுதானாம் என்று வெற்றிக்குரலில் சொல்வது போனில் கேட்டது. கலீமுல்லா இணைப்பைத் துண்டித்தார்.

பிறகு மகனும் அவரும் மேஜையில் உட்கார்ந்து, எந்தக் கிளினிக், எந்த வாரம் என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பேச ஆரம்பித்தார்கள். ருக்சார் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கவில்லை. ஒரு கட்டத்தில் நதீம் பேசுவதை நிறுத்தினான். இன்னும் இருக்கிறதா என்று கலீமுல்லா கேட்டார்.

“ஒண்ணு கீதுப்பா. கேம்ப் கேஸு. கொட்டிவாக்கம்.”

கடலோரமாக ஒரு முதியோர் இல்லம். யாரோ ஒரு டாக்டர் இலவச முகாம் நடத்தி, அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் பல்செட் கட்டச் சொன்னார். எல்லாம் ஒரே வாரத்தில் வேண்டும் என்றார்கள். நதீம் செய்து கொடுத்தான். ஆனால் அங்கிருந்து யாரும் புகார் சொல்லவில்லை என்றான். ஒருத்தர்கூட.

“அங்க யாரு இருக்காங்க?” என்று ருக்சார் கேட்டாள்.

நதீம் டீயைப் பார்த்துக்கொண்டே, ஞாபகம் போனவங்க என்றான்.

கலீமுல்லா எண்ணைக் கேட்டு வாங்கி அழைத்தார். நீண்ட நேரம் அடித்தது. ஒரு பெண் எடுத்தாள். அங்கே வேலை செய்கிற ஆயாவாக இருக்க வேண்டும். பின்னால் டிவி சத்தம், பாத்திரச் சத்தம். அவர் பல்செட்டைப் பற்றிக் கேட்டார். புதுப் பல் போட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள், வாயில் எரிச்சல், புண், ஏதாவது சொல்கிறார்களா?

“அவங்க எங்க சார் சொல்லப் போறாங்க? பல்லு போட்டாலே பிடுங்கிப் போட்டுடுறாங்க. ஒருத்தரு ஜன்னல் வழியா வெளியவே எறிஞ்சிட்டாரு. பழக்கம் இல்ல பாருங்க. நாங்க ரெண்டு பேரு பிடிச்சுக்கிட்டு மாட்டி விட்டுடறோம்.”

கலீமுல்லா எழுந்துவிட்டார்.

“கழட்டுங்கம்மா. எல்லாருக்கும். இப்பவே கழட்டிடுங்க.”

“சாப்பாட்டு நேரம் சார் இது. யாரு பேசறது?”

வஜீஹா அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். டாக்டர் என்று சொல்லிவிடுங்கள் என்று நதீம் உதட்டை அசைத்தான்.

“பல்லு செஞ்சவன்” என்றார் கலீமுல்லா. தன் பெயரையும் லேபின் பெயரையும் சொன்னார்.

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. அந்தப் பெண் யாரிடமோ ஏதோ சொன்னாள். பிறகு, லைன்லயே இருங்க, மேனேஜர் வராரு என்றாள்.

அவர் லைனிலேயே இருந்தார்.